எடை குறைந்த செண்பகவல்லி

கோயில் யானை செண்பகவல்லிக்கு எடை கூடிவிட்டது. வெல்லத்தை நிறுத்தி, தினமும் காலையில் தேர்வீதியை ஐந்து சுற்று நடக்க வைத்தார்கள். நான்காவது சுற்றிலேயே கால் துவண்டுவிடும்.

"கொஞ்சம் நில்லுக்கா," என்றது மதில்மேல் காக்கை.

"இந்தக் கனத்தோட எந்த லாரிடா என்னை யானைங்க முகாமுக்கு ஏத்திட்டுப் போகும்? போன வருஷம் அங்கே மரகதம்னு ஒருத்தி பக்கத்துல நின்னா. அவ தும்பிக்கை என் முதுகுல கிடந்ததை நினைச்சா அசதியே தெரியலை."

ஆறு மாதம் கழித்து எடை மேடையில் ஏற்றினார்கள். முன்னூறு கிலோ குறைந்திருந்தது.

"சபாஷ்! இவளுக்கு இனி முகாமே வேண்டாம். அது குண்டு யானைகளுக்குத்தான்," என்று பாகனைத் தட்டிக்கொடுத்தார் டாக்டர்.

அத்தனை நாள் அசதியும் அப்போதுதான் செண்பகவல்லியின் காலில் இறங்கியது.

"டேய், மடப்பள்ளியில சர்க்கரைப் பொங்கல் மிச்சமிருக்கான்னு பார்த்துட்டு வா," என்றாள் காக்கையிடம்.