நடுவில் ஒரு தடுப்பு

“நடுவுல தடுப்பு இருக்கணும். தடுப்பு இல்லாத பெட்டி வேண்டாம்” என்றார் ஐசக்.

வண்டிக்குள் வைக்கும் சின்ன ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்க, போடியில் சின்ராசு கடைக்கு மூன்று பேரும் வந்திருந்தார்கள்.

ஐசக் ஏலக்காய் வியாபாரி. மகாராஜனுக்கு ராசிங்காபுரத்தில் தென்னந்தோப்பு. சுருளிவேல் சொந்தமாக ஜீப் ஓட்டுகிறவர். மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். டிசம்பர் பிறந்ததும் சுருளிவேலின் ஜீப்பில் போடிமெட்டுக்கு மேலே ஏறி, கூடாரம் போட்டுச் சமைத்துத் தின்று, இரண்டு நாள் தங்கிவிட்டு வருவார்கள். இதுவரை ஒரு வருடமும் தவறியதில்லை.

சின்ராசு முதலில் காட்டியது ஒற்றை அறைப் பெட்டி. நாற்பது லிட்டர். ஜீப்பின் பின்பக்கத்தில் அளவாக உட்காரும். என்ஜினை நிறுத்தினாலும் பேட்டரியில் ஓடும். பேட்டரி ரொம்ப இறங்குவதற்குள் தானாக நின்றுவிடும், காலையில் வண்டியைத் தள்ள வேண்டியதில்லை என்றார்.

சுருளிவேலுக்கு அந்தக் கடைசி விஷயம் பிடித்துப்போயிற்று. இதுவே போதும் என்றார். மேலே இருக்கிற குளிருக்கு ஃப்ரிட்ஜே தேவையில்லை, வெளியே வைத்தால் பன்றி தூக்கிக்கொண்டு போய்விடும் என்றுதான் பெட்டி வாங்குகிறோம் என்றும் சொன்னார்.

ஐசக் அசையவில்லை. இரண்டு அறை, இரண்டு மூடி உள்ள பெரிய பெட்டியை இறக்கச் சொன்னார். அதை வைத்தால் பின்னால் இருப்பவர் காலை மடக்கித்தான் உட்கார வேண்டும்.

“யாரு காலு?” என்று கேட்டார் சுருளிவேல்.

“எங் காலுதான்.”

ஐசக் சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி ஏலக்காயை எடுத்தார். தோலை நசுக்கி, ஒரு அறையில் போட்டு மூடினார். எல்லோருக்கும் டீ சொன்னார். குடித்து முடித்ததும் அடுத்த அறையின் மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்தார். சின்ராசுவையும் மோந்து பார்க்கச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை தானே மோந்தார்.

மூட்டையைப் பிரித்ததும் மூக்காலேயே தரம் சொல்கிறவர் அவர். வாசம் துளியும் தாண்டவில்லை.

“இதுதான்” என்றார்.

சுருளிவேல் மகாராஜன் தோளில் தட்டினார். “மாப்ளே, எல்லாம் ஒன் மாவு செஞ்ச வேலை.”

போன வருடம் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுபோனார்கள். மகாராஜன் வைத்த தோசை மாவு, வளைவுகளில் குலுங்கிக் குலுங்கிப் பொங்கி வழிந்து, ஐசக் மசாலா தடவி வைத்திருந்த மீனில் இறங்கிவிட்டது. புளித்த மீனைத்தான் மூவரும் தின்றார்கள். இதுவும் நல்லாத்தான் இருக்கு என்று அப்போது ஐசக் சொல்லியிருந்தார்.

மகாராஜன் முகம் சுருங்கிவிட்டது.

“நல்லாருக்குன்னு ரெண்டாந்தடவையும் வாங்கித் தின்னயே. மனசுல இதைத்தான் வச்சிருந்தயா?”

“தடுப்பு இருந்தா ஒனக்கும் நல்லதுதானே மாப்ளே” என்று சொல்லிவிட்டு ஐசக் பில் போடப் போய்விட்டார்.

நண்பர்களிடம் ஒரு விஷயம் சொல்லத்தான் மகாராஜன் அன்று வந்திருந்தார். அதை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

“இந்த வருசம் நான் வரலை. தோப்புல சோலி கெடக்கு. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க.”

வீட்டுக்குப் போனதும் மனைவி கலையரசியிடம் ஒரு பாட்டம் புலம்பினார். மாவுக்குக்கூடத் தடுப்புப் போடுகிறவனோடு எப்படி ஒரே கூடாரத்தில் படுப்பது என்று கேட்டார். கலையரசி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சுருளிவேல் போனில் எவ்வளவோ பேசிப் பார்த்தார். மகாராஜன் மசியவில்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடு, ஒரு தடுப்புக்காக இத்தனை வருசப் பழக்கம் கெட வேண்டுமா என்று சுருளிவேல் ஐசக்கிடமும் சண்டை போட்டார்.

ஐசக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கிளம்புகிற அன்று வண்டியை வெரசாக எடுத்து, முதலில் ராசிங்காபுரத்துக்கு விடச் சொன்னார்.

அன்று காலை மகாராஜன் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தது. கதவைத் திறந்து மகாராஜன் வெளியே வந்தார்.

கறுப்பு வேட்டி. கழுத்தில் துளசி மாலை. நெற்றியில் சந்தனம்.

சுருளிவேல் ஏதோ திட்ட வாயெடுத்தவர், நாக்கைக் கடித்துக்கொண்டு கையைக் கூப்பினார்.

இந்த வருடம்தான் முதல் தடவையாக மாலை போட்டிருப்பதாகவும், அதைச் சொல்லத்தான் அன்று கடைக்கு வந்ததாகவும் மகாராஜன் சொன்னார். விரதத்தில் இருக்கிறவன் மீன் பொரிக்கிற இடத்துக்கு எப்படி வருவது, என்னால் உங்கள் சாப்பாடும் கெட வேண்டாம் என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து, மரத்துப்போன காலை உதறிக்கொண்டே ஐசக் இறங்கினார். பெட்டியின் வலதுபக்க மூடியைத் திறந்து காட்டினார். பால், தயிர், காய்கறி. பக்கத்தில் ஒரு புது அடுப்பு, ஸ்டிக்கர்கூடக் கிழிக்காத புதுப் பாத்திரம். இந்தத் தடவை ஓடைக்குப் பக்கத்திலேயே கூடாரம், ரெண்டு வேளையும் குளிக்கத் தோதாக இருக்கும் என்றார்.

“மாலை போடப் போறது ஒனக்கு எப்படித் தெரியும்?”

ஐசக் வாசல் பக்கம் பார்த்தார். கலையரசி சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். கறுப்பு வேட்டி எடுக்க அவள் ஜவுளிக்கடைக்குப் போனபோது, கூடப் போனது ஐசக்கின் மனைவி கிருபாராணி. அது ஃப்ரிட்ஜ் வாங்குவதற்கு முந்தின வாரம்.

மகாராஜன் மூடியிருந்த இடதுபக்கத்தைக் கையால் காட்டினார்.

“அதுல?”

“மீனுதான்” என்றார் ஐசக். “ஏலக்காய் வாசமே தாண்டலை, மீன் வாசமா தாண்டிறப் போகுது? ஏறுங்க சாமி.”