மெரூன் டாப்

அந்த மெரூன் டாப்பை மூன்றாவது முறையாகப் பார்த்ததும் ஜாக்குலினுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

முதல் இரண்டு தடவை சிங்கப்பெருமாள் கோயில் பஸ் ஸ்டாப்பில், கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டத்தில் பார்த்தாள். அப்போது சந்தேகம்தான். இன்றைக்கு மாதர் சங்கக் கூட்டம் முடிகிற நேரத்தில், அம்மாவைக் கூட்டிப்போக சர்ச் ஹாலுக்கே அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள் ஷாரோன். கழுத்தைச் சுற்றி ஓடும் அந்த ஜரிகைக் கொடி, செங்கல்பட்டு டெய்லரிடம் ஜாக்குலின் பக்கத்திலேயே நின்று போடச் சொன்னது.

போன மாதம் மழையில் வீடு இழந்த புதுப்பட்டினம் குப்பத்துக்காரர்களுக்கென்று சங்கத்தில் துணி சேர்த்தார்கள். சங்கத் தலைவி என்ற முறையில் ஜாக்குலின் இரண்டு மூட்டை கொடுத்தாள். பிரித்து, பொட்டலம் கட்டி, கொண்டுபோய்க் கொடுத்ததெல்லாம் செக்ரட்டரியான ஷாரோனின் அம்மா மார்கரெட்தான்.

குப்பத்துக்குப் போன டாப் இங்கே வந்து நிற்கிறது.

அதுவும் எப்படி? மேலே ஜீன்ஸ் கோட்டு, இடுப்பில் நாலு விரல் அகலத்துக்கு பெல்ட், காதில் கறுப்பு மெட்டல் ஜிமிக்கி. வேலைக்குப் போட்டுப்போகிற உடுப்பாம். ஊரான் வீட்டுத் துணியில் என்ன மினுக்கு.

“ஷாரோன், இங்க வாம்மா. டிரஸ்ஸு சோக்கா கீதே. எங்க எடுத்த?”

“எடுக்கல ஆன்ட்டி. பழசுதான். நானே கொஞ்சம் மேட்ச் பண்ணிக்கினேன்.”

“யாரோட பழசு?”

ஷாரோன் அம்மாவைப் பார்த்தாள். மார்கரெட் கையிலிருந்த மினிட்ஸ் நோட்டை மூடினாள்.

“வூட்டுக்குப் போய்ப் பேசலாம்க்கா.”

“இன்னாத்துக்கு வூட்டுக்கு? எல்லாரும் கேக்கட்டும். மாத்துத்துணி இல்லாம கெடக்குதுங்களேன்னு என் பீரோவையே கவுத்துக் குடுத்தேன். நீ நல்லதா பாத்து உருவி உம் பொண்ணுக்கு மாட்டிவுட்டுகீற. ஏழைங்க வாய்ல மண்ணப் போட்டுட்டு, முன்னால நின்னு ஜெபம் வேற பண்ற. வெக்கமா இல்ல?”

பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். இரண்டு பேர் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார்கள், வேடிக்கை பார்க்க.

“நான் திருடலக்கா” என்றாள் மார்கரெட்.

“பேசாத. இனிமே நீ செக்ரட்டரி இல்ல. சங்கத்து சாவிய வச்சுட்டுப் போ. ஞாயித்துக்கெழம சபைல எல்லாருக்கும் சொல்லிட்டுதான் எனக்கு மறுவேல.”

மார்கரெட் உண்மையாகவே சாவிக்கொத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். அதைப் பார்த்ததும் ஷாரோனுக்குப் பொறுக்கவில்லை.

“எத்தன நாளைக்கும்மா மூடி மூடி வச்சிப்ப?”

கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். அக்குளில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து, வேறு நிறத்துணி வைத்து ஒட்டுப்போட்டிருந்தது. பெல்ட்டை அவிழ்த்தாள். வயிற்றுக்கு நேரே அயர்ன் பாக்ஸ் மூக்கு அளவுக்குத் துணி கருகி ஓட்டையாகியிருந்தது.

மறந்தே போயிருந்த அந்த ஓட்டை ஜாக்குலினுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஈஸ்டர் அன்று அவசரமாகத் தேய்க்கும்போது அவளே சுட்டது.

“நீங்க குடுத்தது இப்படித்தான் வந்துச்சு ஆன்ட்டி.” ஷாரோனின் குரல் கோபத்தில் உடைந்தது. “பொட்டலத்து மேல குடுத்தவங்க பேர எழுதி ஒட்றது நம்ம சங்கத்து வழக்கம். உங்க பேர ஒட்டி இதக் குடுத்தா குப்பத்துல உங்களக் காறித் துப்புவாங்கன்னு அம்மா ஒரே பொலம்பல். கிறிஸ்துமஸுக்கு எனக்கு எடுத்து வச்சிருந்த புது சுடிதார அதுல வச்சுட்டு, இத என்னப் போட்டுக்கச் சொல்லிச்சு.”

நாற்காலியைத் திருப்பிப்போட்டவர்கள் இப்போது ஜாக்குலினைப் பார்த்தார்கள்.

“அப்ப... அந்தப் பொட்டலம்?” என்றாள் அவள், மெதுவாக.

“சுவேதான்னு ஒரு பொண்ணு வாங்கிச்சு. ஒட்டின பேர அம்மா மாத்தல. அது இன்னும் உங்க பேரச் சொல்லித்தான் சாமிக்குக் கற்பூரம் ஏத்திகினு கீது.”