ஏழாயிரமும் ஐந்நூறும்

பழைய லேப்டாப் ஒன்று ரிப்பேர் கடைக்கு வந்தது. ஆன் செய்தால் குக்கர் மூன்று விசில் அடித்த பிறகுதான் விழிக்கும். வேகம் வராவிட்டால் காயலான் கடைதான்.

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றியதும் அதன் வேலைக்கு வேகமான புதுவகை டிஸ்க்குகளான இரண்டு எஸ்.எஸ்.டி.கள் முன்வந்தன.

"நொடிக்கு ஏழாயிரம் எம்.பி. ஓடுவேன்!" என்றது ஒல்லி.

"எனக்கு ஐந்நூறுதான்" என்றது தட்டை.

"ஒல்லியே, வா!" என்று லேப்டாப் வயிற்றைத் திறந்தது.

ஒல்லி எட்டிப் பார்த்தது. "என்னைச் செருக இடமே இல்லையே?"

"கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளேன்!"

"நான் அனுசரிப்பேன். உன் போர்டு அனுசரிக்காதே!"

தட்டை ஹார்டு டிஸ்க் இருந்த குழியில் போய் உட்கார்ந்தது. பதினைந்தே நொடியில் லேப்டாப் விழித்துக்கொண்டது.

"எப்படி இவ்வளவு வேகம்?" என்று பக்கத்துப் பிரிண்டர் வாயைப் பிளந்தது.

"எல்லாம் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது" என்றது லேப்டாப். "அந்த ஒல்லியை முதலிலிருந்தே நான் நம்பவில்லை."