இரைச்சல் பொருத்தம்

வட்டக்கச்சிக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடம் யதுர்ஷிகா பயந்து பயந்து சொன்னாள்.

"எனக்கு எலக்ட்ரோனிக் மியூசிக் எண்டால் உயிர். வெறும் இரைச்சல் எண்டு வீட்டில ஒரே ஏச்சு."

"எங்கட வீட்டிலயும் எனக்கு அதே ஏச்சுத்தான்! அந்த இரைச்சலுக்குள்ளதானே தாளம் ஒளிச்சிருக்கு?"

"ஐயோ, ஓம்! அடுத்த மாதம் வாற புதுப் பாட்டு அல்பத்தில முழுக்க மெஷின் சத்தம்தானாம்."

"முதல் பாட்டு விட்டாச்சு, கேட்டனீரோ? தண்ணி மோட்டர் இரையிற மாதிரித் தொடங்கும்."

"கேட்டுக் கேட்டே போன் சார்ஜ் முடிஞ்சுது!"

"அப்ப, அல்பம் வாற அண்டைக்கு ரெண்டு பேரும் ஒண்டா இருந்து கேப்பம். சம்மதமோ?"

யதுர்ஷிகா வெட்கத்தோடு தலையாட்டினாள்.

ஆறிப்போன தேநீரோடு எதிர்க் கதிரையில் இருந்த மாப்பிள்ளை செந்தூரன் மெல்லச் செருமினான்.

"அம்மா, பொம்பிளையோட நானும் கொஞ்சம் கதைக்கட்டோ?"