இடுப்பில் விட்ட துணி

அந்தக் காலத்து அரச குடும்பங்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு நாட்டு ராஜா பக்கத்து நாட்டுப் படைக்கும் கௌரவத் தளபதியாக இருப்பார். விருந்துக்கு அந்தப் படையின் சீருடையில்தான் போவார். அன்று ராஜா, எல்லைக்கு அப்பால் ஆளும் தன் சித்தி மகன் அனுப்பிய நீலச் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை இடுப்பில் இறுக்கிப் பிடித்தது. தையல்காரர் மத்தியாஸ் வாயில் குண்டூசிகளோடு மண்டியிட்டிருந்தார். அந்தச் சித்தி மகன் மீதான போர் அறிவிப்பை மந்திரி நீட்டினார்.

“காரணம்னு என்ன எழுதட்டும் மகாராஜா?”

“போன சண்டைக்கு எழுதினதையே எழுதும்.”

கையெழுத்துப் போட்டபோது அக்குளில் தையல் விட்டது. மத்தியாஸ் குண்டூசிகளை உள்ளங்கையில் துப்பினார்.

“என் மகன் காலையில பட்டாளத்தோட எல்லைக்கு ரயிலேறிட்டான் மகாராஜா. நீலச் சட்டையைக் கண்டா சுடச் சொல்லியிருக்காங்களாம். இதைக் கழட்டி எரிச்சிடட்டுமா?”

“பைத்தியக்காரா! அப்புறம் சமாதான விருந்துக்கு எதைப் போட்டுக்கிட்டுப் போறது? தம்பி வருத்தப்படுவான். இடுப்பைத் தளர்த்திக் குடு.”

“எவ்வளவு துணி விடட்டும்?”

ராஜா தொப்பையைத் தடவி யோசித்தார்.

“நாலு வருஷம் உட்கார்ந்து சாப்பிட்டா எவ்வளவு பெருப்பேனோ, அவ்வளவு.”

மத்தியாஸ் சாக்குக்கட்டியை எடுத்தார். பழகிய கை, கோடு கோணவில்லை.