நடுங்கிய கை

சாப்பாட்டு மேசையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. கற்பனைச் சாகச விளையாட்டில் கதையை நடத்தும் மருந்துக்கடைக்காரர், குறிப்புகளை மற்றவர்களிடமிருந்து மறைக்கும் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் வெறும் தாளைப் பார்த்து விழிக்கிறார். மூன்று வாரமாக எழுதிய நோட்டு காலையில் பேருந்தோடு போய்விட்டது. அடித்து அடித்து எழுதியதில், கோட்டைக் கதவைத் திறந்துவிட்ட துரோகியாகக் கடைசியில் யாரை முடிவு செய்தார் என்பது சுத்தமாக நினைவில்லை. பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருக்கிறார். எதிரே, வில்லாளியாக ஆடும் தங்கையும் குள்ள வீரனாக ஆடும் அவள் கணவரும் மல்லுக்கு நிற்கிறார்கள். “சமையல்காரன்தாங்க! சாவி அவன்கிட்டதானே இருந்துச்சு?” “அட போம்மா, அரண்மனை வைத்தியர்தான். கட்டுப் போடுறப்ப அவர் கை ஏன் அப்படி நடுங்குச்சு?” வைத்தியராக நடித்துக் காட்டியபோது நடுங்கியது மருந்துக்கடைக்காரரின் சொந்தக் கை. இவர் மெல்லத் தலையை ஆட்டுகிறார். “பிடிச்சிட்டீங்களே, மாப்பிள்ளை!” மாப்பிள்ளை மேசையில் ஓங்கித் தட்ட, தேநீர்க் கோப்பைகள் கலகலக்கின்றன. “அண்ணா, எத்தனை நாளா இதை மனசுல வச்சிருந்தே?” என்று தங்கை வாய்பிளக்கிறாள். “ஆரம்பத்துலேர்ந்தேம்மா” என்றபடி வெறும் தாளில் ‘வைத்தியர்’ என்று எழுதுகிறார். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை.