கூவுவதற்குக் கட்டணம்

அந்தக் காட்டில் கூவுவதற்கும் கட்டணம் இருந்தது. மாதாமாதம் ஒரு கொத்து இறகைப் பருந்திடம் கட்டினால்தான் கிளையில் உட்கார்ந்து வாய் திறக்கலாம். எங்கே பழம் பழுத்திருக்கிறது, எந்தப் புதரில் பாம்பு கிடக்கிறது என்று தினமும் கூவிச் சொல்லும் மைனா, தன் சிறகிலிருந்தே பிடுங்கிக் கட்டியது. பிடுங்கிய இடத்தில் முளைப்பதற்குள் அடுத்த மாதம் வந்துவிடும்.

கூவும் பறவைகள் சங்கத்தின் தலைவர் மயிலுக்கு அந்தக் கவலை இல்லை. தானாக உதிர்ந்த தோகையைச் சேர்த்துவைத்துக் கட்டிவிடும்.

“தலைவரே, இனிமே பிடுங்க எங்கிட்ட ஒண்ணுமில்லை. பருந்தய்யாகிட்ட பேசுங்களேன்” என்று மைனா கெஞ்சியது.

“பேசிக்கிட்டுத்தானே இருக்கேன். அவசரப்பட்டா காரியம் கெட்டுப்போகும்” என்றது மயில்.

சங்கம் கூடியது, கலைந்தது, மறுபடியும் கூடியது. அதற்குள் மைனா பறக்க முடியாமல் தரைக்கு வந்துவிட்டது.

ஒருநாள் மேலே ஒரே ஆரவாரம். “ஜெயிச்சுட்டோம்! கட்டணம் ரத்து! எல்லாரும் உச்சிக்கிளைக்கு வந்து அனுமதியைச் சும்மாவே வாங்கிக்குங்க!” என்று மயில் அகவியது. பறவைகள் எல்லாம் ஜிவ்வென்று பறந்தன.

மைனாவும் தன் மொட்டைச் சிறகை அடித்துப் பார்த்தது. புழுதிதான் கிளம்பியது. பக்கத்துப் புதரில் ஏதோ சரசரத்தது.

“தலைவரே! பாம்பு!” என்று மைனா அலறியது.

பருந்து கீழே எட்டிப் பார்த்தது. “அனுமதி வாங்காம கூவுறது யாரு?”

மயிலும் எட்டிப் பார்த்தது. “எங்க சங்கத்து ஆள் இல்லைங்க” என்றது.